சாபத்துக்கு விதை போட்டவன்

இதை எழுதாமலே விட்டிருப்பேன் மக்கா. எழுதுவது என் வேலையா? எட்டாவதில் தமிழ் சார் என் கட்டுரை நோட்டைத் தூக்கிப் பிடித்து, "கோழி கிளறினாக்கூட இதைவிட வரிசையா கிளறும்" என்று சொன்னாரே, அதற்குப் பிறகு நான் பேனாவைத் தொட்டது டெம்போ சலானில் கையெழுத்துப் போட மட்டும்தான். ஆனால் நேற்று நம் குரூப்பில் நான் போட்ட போட்டோவைப் பார்த்து உங்களில் ஒருத்தன் கேட்டான்: "என்னல செடி இது, கஞ்சாவா?" அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அது எருக்கு. செம்பூர் மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் நின்றபோது பார்த்தேன். தூணும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு விரல் நுழையாத விரிசல். மண் கிடையாது, தண்ணீர் கிடையாது, ஊரிலுள்ள புகையெல்லாம் அதன் முகத்தில்தான். அதில் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது, பூவும் வைத்திருக்கிறது. பூ மேல் ஒரு ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி. பின்னால் நின்ற பஸ்காரன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான், நான் போட்டோ எடுத்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்தினேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோபர்கைரனேயில் இட்லி அத்தை வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். அத்தை மகனை உங்களுக்குத் தெரியும். குரூப்பில் வாயே திறக்காதவன். பிறந்தநாளுக்கும் கட்டைவிரல், சாவுக்கும் கட்டைவிரல். அவன் பத்திரிகையைப் போட்டதும் எல்லோரும் "வாரோம்ல" என்று துள்ளினீர்கள். நான் மட்டும் பதில் போடவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன். தமிழ் வாசிக்க வராதவர்கள் பெண்டாட்டியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெண்டாட்டிக்கும் வராது என்றால் விதி.

நமக்கெல்லாம் பத்து வயது இருக்கும். மே மாதம். பள்ளிக்கூடம் கிடையாது, காற்றும் கிடையாது. தாராவியில் நம் சந்தில் தோல் வாடையும் மாவு புளித்த வாடையும் சண்டை போடும், மத்தியானத்துக்குள் தோல் ஜெயித்துவிடும். சந்தின் முனையில் இட்லி அத்தை வீடு. விடியும்போது வெள்ளைத் துணி மூடிய அலுமினியப் பானையோடு வாசலில் உட்காருவாள், எட்டு மணிக்குள் பானை காலி. எதிர் வரிசையில் தையல் சித்தி. சன்னலை ஒட்டி மெஷினைப் போட்டு நாள் பூராவும் மிதித்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் யாருக்கும் சொந்த அத்தையோ சித்தியோ இல்லை. நம் சந்தில் அப்படித்தானே.

நான் அடித்த ரப்பர் பந்து ஒரு நாள் அந்தச் சன்னல் வழியாக உள்ளே போய், கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கை மேல் சாக்கடைத் தண்ணீரோடு உட்கார்ந்தது. சித்தி கத்தவே இல்லை. பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். பந்தை ஆரஞ்சுப் பழம்போல நடுவில் வெட்டினாள். இரண்டு பாதியையும் என் கையில் வைத்தாள்.

"இந்தா, இனி ரெண்டு டீமும் தனித்தனியா வெளயாடுங்க."

நீங்களெல்லாம் சிரித்தீர்கள். மறந்திருப்பீர்கள். எனக்கு மறக்கவில்லை. புதுப் பந்து அது.

அதற்கு மறுநாளோ அதற்கும் அடுத்த நாளோ குழாயடியில் சண்டை. தண்ணீர் வருவதே முக்கால் மணி நேரம். அத்தைக்கு அரிசி ஊறப்போட வேண்டும். சித்தி தன் கேனைக் காலால் முன்னே தள்ளியதில் அத்தையின் குடம் உருண்டு சாக்கடைக்குள் போனது.

"எட்டி, என் குடத்தை உதைச்ச காலு நல்லாருக்குமா? உன் வாசல்ல எருக்கு முளைக்க!"

"முளைக்கட்டும், முளைக்கட்டும். நீ முதல்ல உன் மாவு பொங்குதான்னு போய்ப் பாரு."

அவ்வளவுதான் சண்டை. ஆனால் எருக்கு என்ற சொல் விழுந்ததும் வரிசையில் நின்ற பொம்பளைகள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நம் ஊர்ப்பக்கம் ஆள் இல்லாமல் இடிந்து கிடக்கிற வீட்டில்தான் எருக்கு முளைக்கும். அதனால் அது முளைக்கட்டும் என்றால் உன் வீடு பாழாய்ப் போகட்டும் என்று அர்த்தம். அதைவிடப் பெரிய சாபம் நம்மவர்களுக்குத் தெரியாது.

நான் அம்மாவின் பின்னால் நின்று யோசித்தேன். சித்தி பாழாய்ப் போவதில் எனக்குப் பூரண சம்மதம். ஆனால் முளைக்க என்று வாயால் சொன்னால் போதுமா? விதை வேண்டாமா?

சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே ரயில்வே சுவரை ஒட்டி எருக்கு காடாக நிற்கும், ஞாபகம் இருக்கிறதா? மொத்தமான சாம்பல் பச்சை இலை, மாவு பூசியதுபோல. பறித்தால் வெள்ளைப் பால். பூவின் நடுவில் ஒரு சின்னக் கிரீடம் இருக்கும். கறுப்புப் பெரிய வண்டு ஒன்று லாரிபோல இரைந்துகொண்டு வந்து ஒவ்வொரு கிரீடமாக உட்காரும். மே மாதத்தில் காய் வெடிக்கும். கிளி மூக்கு மாதிரிக் காய். உள்ளே மீன் செதில் அடுக்கியதுபோல விதை, ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளிப் பஞ்சு. பறந்து வருவதைப் பிடித்து, நினைத்ததைச் சொல்லி, ஊதி விடுவோம். நாம் அதைத் தாத்தா என்போம். பக்கத்துச் சந்து மராத்திப் பையன்கள் மாத்தாரி, அதாவது கிழவி என்பார்கள். ஒரு பஞ்சு ஆணா பெண்ணா என்று கல்லெறிந்து சண்டை போட்ட ஒரே கூட்டம் உலகத்தில் நாம்தான்.

அன்று நான் தனியாகப் போனேன். வெடித்த காய் இரண்டைப் பிய்த்து, வெட்டுப்பட்ட பாதிப் பந்துக்குள் விதையை அடைத்து, இன்னொரு பாதியால் மூடிக் கொண்டுவந்தேன். சித்தி குழாய்க்குப் போன நேரம். அவள் சன்னலுக்குக் கீழே சுவரில் ஒரு நீளமான விரிசல். அதில் ஒரு குச்சியால் குத்திக் குத்தி விதையைத் திணித்தேன். மிச்சத்தை வாசல் சாக்கடை ஓரத்து ஈர மண்ணிலும் போட்டேன். ஈரத்தில் போட்டது ஒன்றுகூட முளைக்கவில்லை. எருக்குக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது, நிழலும் ஆகாது. கொளுத்துகிற வெயிலும் யாருக்கும் வேண்டாத இடமும் இருந்தால் போதும். சித்தியின் மேற்குச் சுவரை அதற்காகவே கட்டியதுபோல இருந்தது.

திரும்பி வரும்போது இட்லி அத்தை வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டு, தலையிலிருந்து எதையோ ஒவ்வொன்றாக எடுத்து ஊதிவிட்டாள்.

"எங்கல போய்ப் பொரண்டுட்டு வார? மண்டைக்கு வெளிய இருக்க பஞ்சு போதாதா, உள்ளயும் அதுதானா?"

நான் ஓடிவிட்டேன்.

மழை வந்தது. ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை சித்தி அலறினாள். சன்னலுக்குக் கீழே ஒரு சாண் உயரத்தில் எருக்கு, நாலு இலையோடு. சந்தே கூடியது. அவள் புருஷன், வாட்ச்மேன் வேலை பார்த்த சித்தப்பா, அதே வாரம்தான் குளிர் காய்ச்சலில் படுத்திருந்தார். மழைக்காலத்தில் தாராவியில் யாருக்குத்தான் காய்ச்சல் வரவில்லை? அதை யாரும் யோசிக்கவில்லை.

"அவ நாக்கு கருநாக்கு. சொன்னா சொன்னபடி முளைச்சுருச்சே!"

பிடுங்கிப் போட்டால் முடிந்துபோகிற விஷயம். ஆனால் சாபத்தில் வந்த செடியைப் பிடுங்கினால் பிடுங்குகிறவன் வீட்டுக்குச் சாபம் மாறிவிடும் என்று ஒரு மாமா கிளப்பிவிட்டார். படியில் மட்டும் பன்னிரண்டு பேர் நிற்கிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற தைரியசாலி அவர். ஒரு சாண் செடியைத் தொடப் பயந்தார். எதிர்வீட்டு ஆட்டை அவிழ்த்துவிட்டுப் பார்த்தார்கள். அந்த ஆடு சினிமா போஸ்டர் தின்னும், செருப்பு தின்னும், ஒருதடவை சித்தப்பாவின் ரேஷன் கார்டில் பாதியைத் தின்றது. எருக்கை மோந்து பார்த்து, தும்மிவிட்டு, பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டியைத் தின்னப் போனது.

அதற்குப் பிறகு அத்தையிடம் யாரும் இட்லி வாங்கவில்லை. சாபம் போட்ட வாய் ஊதிய அடுப்பு, அதில் வெந்த இட்லி எப்படி இறங்கும் என்றார்கள். என் அம்மாவும் நிறுத்தினாள். வீட்டில் சாயாவும் பாவ் ரொட்டியும்தான். அத்தை இரண்டு மூன்று நாள் வாசலில் உட்கார்ந்து பார்த்தாள். துணியைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. நாலாவது நாள் பானையைத் தலையில் தூக்கி, மேலே நீல பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டுக்கொண்டு, மழையில் சயான் பக்கம் ஆஸ்பத்திரி வாசலுக்கு நடந்தாள். பின்னால் சட்னித் தூக்கோடு அவள் மகன், நம் கட்டைவிரல். அந்த மழையில் அவனுக்கு இருமல் பிடித்தது. விளையாட வருவதையும் நிறுத்திவிட்டான். வந்தாலும் உங்கள் அம்மாக்கள் உங்களைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் என் அப்பாவை உங்களுக்குத் தெரியும். தோல் பை தைக்கிற கார்கானாவில் தோல் வெட்டுகிறவர். கடைசியாக நான் செய்த சேட்டைக்கு ஒரு தோல் வாரால் அடித்ததில், இரண்டு நாள் என்னால் மல்லாந்து படுக்க முடியவில்லை. அன்று வாரைப் பிடுங்கி எறிந்து, "பிள்ளையா மாடா?" என்று கேட்டவள் இட்லி அத்தைதான். அவளுக்கு நான் செய்த கைம்மாறு இது.

மூன்று தடவை அவள் வீட்டு வாசல்வரை போனேன். மூன்று தடவையும், "என்னல?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்று வந்துவிட்டேன். கடைசியில் ஒரு நாள், வாயால் சொல்வதைவிடக் கையால் முடித்துவிடலாம் என்று தோன்றியது. சாபமே கிடையாது, விதை போட்டவனே நான்தான், எனக்கு என்ன பயம்? மத்தியானம் சந்து காலியாக இருந்தபோது எருக்கைப் பிடித்து இழுத்தேன். வேர் சுவருக்குள் சிமெண்ட் கம்பிபோல இறங்கியிருந்தது. வரவில்லை. பலம் கொடுத்து ஒடித்தேன். பால் கையெல்லாம் பீய்ச்சியது. வியர்வை வழிந்ததா, கண்ணைத் துடைத்தேன்.

பிறகு என்ன, நெருப்பு. கண்ணுக்குள் மிளகாயை அரைத்ததுபோல. நான் போட்ட சத்தத்துக்குச் சந்து திரும்பவும் கூடியது.

"பாத்தியளா! தொட்டவன் கண்ணு போச்சு!"

ஒருத்தரும் கிட்டே வரவில்லை. என் அம்மாகூட ஒரு நொடி நின்றாள். இட்லி அத்தைதான் கூட்டத்தை விலக்கி வந்தாள். அரிசி ஊறவைக்க வைத்திருந்த குடத்தை அப்படியே தூக்கி வந்து, என்னை மடியில் சாய்த்து, இமையைப் பிரித்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு குடம், இரண்டு குடம். மறுநாள் இட்லிக்கான தண்ணீர் முழுக்க என் கண்ணில் போனது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவள் சேலையின் புளிப்பு வாடை மட்டும். அப்போதுதான் என்னை அறியாமல் வாயில் வந்தது.

"அத்தே, நான்தான் அந்தச் செடிய..."

"வாயை மூடுல. தண்ணி வாய்க்குள்ள போவுது."

"இல்லத்தே, நான்..."

"மூடுங்கேன்."

மூடிவிட்டேன். எனக்கும் அதுதானே வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள், பத்து நாளில் கண் சரியாகிவிட்டது. தண்ணீர் ஊற்றியிருக்காவிட்டால் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். சந்தில் யாரும் அதைப் பேசவில்லை. தொட்டவன் கண் வீங்கியதைத்தான் பேசினார்கள். என் புண்ணியத்தில் அத்தையின் நாக்கு இன்னும் கறுத்தது. ஒடித்த இடத்தில் எருக்கு ஒன்றுக்கு இரண்டாகத் துளிர்த்தது. அதை வெட்டினால் கோபம் வந்து கிளைக்கும். நம் ஆட்களைப்போலவே.

இதற்கு நடுவில் தையல் சித்திக்கு என்ன ஆனது தெரியுமா? நாள் பூராவும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தச் செடியைத்தான் பார்த்தாக வேண்டும். முதலில் பயத்தோடு பார்த்தாள். பிறகு சும்மா பார்த்தாள். ஒரு நாள் இலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் கோடு போட்ட புழுக்கள். அது நேராக இலையைத் தின்னாதாம். முதலில் நரம்பைக் கடித்துவிட்டு, பால் வடிந்து ஓய்ந்த பிறகு தின்னுமாம். இதை நம்மைக் கூப்பிட்டுச் சொன்னவள் சித்திதான்.

"ஆடு தொடமாட்டேங்கு, இது என்னமா திங்கி பாருங்கல. வேற இலைய மோந்துகூடப் பாக்காது போல."

புழு ஒன்று இலைக்கு அடியில் தொங்கி, பச்சைக் கூடாக மாறியது. அதில் தங்கப் பொட்டுகள். சித்தி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஜிமிக்கி மாதிரி இருக்குல்லா?" என்றாள். கூட்டைப் பிய்க்கப் போன ஒருத்தனிடம் கத்தரிக்கோலைக் காட்டினாள். ஏழெட்டு நாளில் ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி வந்தது. மின்கம்பியிலிருந்த காகம்கூடக் கண்டுகொள்ளவில்லை. கசக்கும் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகுதான் வடாபாவ் காக்கா வந்தார். மெயின் ரோட்டில் வண்டி வைத்திருந்த மராத்திக்காரர், அவர்கள் பாஷையில் காக்கா என்றால் சித்தப்பா. மனைவியின் ரவிக்கையைக் கொடுக்க வந்தவர், செடியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார், இரண்டு கையையும் கூப்பினார்.

"அரே, ருயி! மாருதிச்சி ருயி! கிஸ்னே லகாயா, பாபி?"

எருக்கைத்தான் ருயி என்கிறார், யார் நட்டது என்று கேட்கிறார். சித்தி மிரண்டுபோய், யாரும் நடவில்லை, சாபத்தில் முளைத்தது என்று தன் இந்தியில் சொன்னாள். காக்கா சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது. சனிக்கிழமை தோறும் மாருதிக்கு இந்த இலையில்தான் மாலை, அதற்கு நான் தாதர் மார்க்கெட் வரை போகிறேன், உன் வீட்டுக்கு அவரே நடந்து வந்திருக்கிறார், இது சாபமா என்றார். அனுமதி கேட்டுப் பதினோரு இலை பறித்துக்கொண்டார். பால் படாமல் கைக்குட்டையால் பறித்தார், என்னைவிடப் புத்திசாலி.

அப்போதுதான் கூட்டத்தில் ஒரு பாட்டிக்கு ஞாபகம் வந்தது. "ஏ, நம்ம பிள்ளையாருக்கும் எருக்கம்பூ மாலைதானட்டி போடுதோம்!" பிள்ளையார் கழுத்தில் கிடந்தால் சாமி, வாசலில் நின்றால் சனியன் என்று எத்தனை வருஷமாக நம்பியிருக்கிறார்கள் பாருங்கள். சித்தப்பாவுக்கும் மாத்திரை வேலை செய்து காய்ச்சல் விட்டிருந்தது. அவ்வளவுதான், சந்து தலைகீழாகத் திரும்பியது. கருநாக்கு போய், பலித்த நாக்கு ஆகிவிட்டது. அதையும் நம்பினார்கள். இதற்குப் பேசாமல் செடி என்றே நம்பியிருக்கலாம்.

முதலில் பாத்திரத்தோடு போனது தையல் சித்திதான். நான் அங்கேதான் நின்றேன்.

"நாலு இட்லி குடு."

"சாபம் கலந்துருக்கும். பரவால்லையா?"

"சட்னி இருந்தாப் போதும்."

அத்தை ஆறு வைத்தாள். இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. சித்தி போகும்போது, "குடம் நசுங்கிக் கெடந்துச்சே, குடு, அவுகளத் தட்டித்தரச் சொல்லுதேன்" என்றாள்.

பிறகு பரீட்சைக்குப் போகிறவன், துபாய்க்குப் போகிறவன், பெண் பார்க்கப் போகிறவன் எல்லோரும் அத்தை வாசலில் நின்றார்கள், நல்ல வார்த்தை ஒன்று சொல்லச் சொல்லி. "நல்லா இருப்பே, தின்னுட்டுப் போ" என்பாள். எட்டாவதுப் பரீட்சைக்கு நானும் போய் நின்றேன். என் ஒருத்தன் விஷயத்தில்தான் பலிக்கவில்லை.

அடுத்த வருஷம் எருக்கு பூத்தது. மங்கலான ஊதா. சந்துப் பிள்ளையாருக்கு மாலை அந்தச் செடியிலிருந்துதான். தேன்சிட்டு ஒன்று காலையில் வந்து பூவில் தொங்கும். காய் வெடித்தபோது சித்தியின் தையல் துணியெல்லாம் பஞ்சு. பிறகு சாக்கடை வேலைக்காகச் சுவரையே இடித்தார்கள். இப்போது அங்கே டைல்ஸ். விதை திணிக்க ஒரு விரிசல் கிடையாது. பாதிப் பந்து இரண்டும் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்பாவும் போய்விட்டார், அந்த வார் மட்டும் ஆணியில் தொங்குகிறது.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, இவன் எதற்கு ஒப்பாரி வைக்கிறான் என்பீர்கள். அந்த இரண்டு மாதம் முடியவில்லை மக்கா. தலையில் பானையோடு மழையில் போன அத்தையும், தூக்கைப் பிடித்துக்கொண்டு இருமியபடியே போன அவள் மகனும், அவர்கள் என்னைத் தாண்டிப் போகும்போது நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டதும். செம்பூரில் அந்தப் பூவைப் பார்த்தபோது முதலில் வந்தது பட்டாம்பூச்சி இல்லை, அந்த நீல ஷீட்.

ஆகவே, இட்லி அத்தை மகனே, உன் அம்மைக்கு இப்போது கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியாது என்று போனில் சொன்னாய். நீயே வாசித்துக் காட்டு. எதையும் விடாமல் வாசி. செடி சாபத்தில் முளைக்கவில்லை, அவள் நாக்கில் ஒன்றும் இல்லை, திணித்தவன் நான், ஊர் அவளைப் பேசியபோது வாயை மூடிக்கொண்டு நின்றவனும் நான். கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை நான் வரலாமா கூடாதா, அதை மட்டும் சொல். கட்டைவிரலை அனுப்பாதே, அது வரலாம் என்பதா, போய்த் தொலை என்பதா என்று எனக்குத் தெரியாது.

அவன் பதில் இன்று மத்தியானம் வந்தது:

"வாசிச்சுட்டேம்ல, ‘அவன் தலையில பஞ்சை எடுத்தவளுக்குத் தெரியாதாக்கும், அன்னைக்கு வாயை மூடச் சொன்னது அவன் அப்பன் வாரோட எனக்குப் பின்னால நின்னதுனாலதான்’ங்கா அம்மை, காலைல வெறும் வயித்தோட வந்துரு."